எந்தச் சுவரில் நூறு வருஷம்?

அப்பா 2023-இல் காலமானபோது, பத்தாம் நாள் காரியத்துக்குள் ஒரு பெரிய படம் வேண்டும் என்று அவசர அவசரமாக ஒரு கடையில் பிரிண்ட் போட்டோம். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம், கிளாஸி பேப்பர், மரச்சட்டம், கண்ணாடி. கடைப் பையன் சட்டத்தைத் துடைத்துக் கொடுத்தபடியே சொன்னான்: "நூறு வருஷம் சார், கியாரண்டி. இங்க் பெட்டியிலயே போட்டிருக்கு." துக்க வீட்டிலிருந்து போனவன் அதையெல்லாம் எங்கே விசாரிப்பது? வாங்கி வந்து கும்பகோணம் வீட்டுக் கூடத்தில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டினோம்.

முதல் வருஷ திதி முடிந்து இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். அம்மா காபியைக் கொடுத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஏன்டா, அப்பா முகம் ஏன் மஞ்சக்காமாலை வந்தவர் மாதிரி இருக்கு?"

அந்தக் கேள்வியில் ஆரம்பித்த நோண்டல்தான் இந்தப் பதிவு. நூறு என்ற எண்ணை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று தேடிக்கொண்டே போனால், பெரும்பாலான தடங்கள் ஒரு புத்தகத்தில் போய் நின்றன. ஹென்றி வில்ஹெல்ம், கரோல் பிரவர் இருவரும் எழுதி, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கிரின்னல் என்கிற சின்ன ஊரிலிருந்து 1993-இல் வெளியிட்ட 'தி பெர்மனன்ஸ் அண்ட் கேர் ஆஃப் கலர் ஃபோட்டோகிராஃப்ஸ்'. 744 பக்கம். இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். வேதியியல் எனக்கு அவ்வளவாக வராது, பி.ஈ.யில் படித்தது கம்ப்யூட்டர். ஆகவே கொஞ்சம் கணக்குப் போடத் தெரிந்த ஒரு வாசகனின் விமர்சனம் என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புத்தகத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் குறை சொல்லப்போகிறேன். இது கோபத்தில் எழுதப்பட்ட புத்தகம். ஆய்வக அறிக்கை மாதிரி ஆரம்பித்துப் பல இடங்களில் குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடுகிறது. எந்தக் கம்பெனியின் எந்தப் பேப்பர், எந்த வருஷத்துப் பிலிம் என்று பேர் சொல்லித்தான் பேசுகிறார்கள். 1942 முதல் 1953 வரை அமெரிக்கக் குடும்பங்கள் எடுத்த கோடாகலர் பிரிண்டுகளுக்கு ஒரு தனிப் பகுதியே உண்டு. அந்தக் காலகட்டத்தையே 'முழுவதுமாகத் தொலைந்துபோன யுகம்' என்கிறார்கள். யுத்தத்துக்குப் போனவனுக்கு மனைவி அனுப்பிய படம், யுத்தம் முடிந்து பிறந்த குழந்தையின் முதல் படம், எல்லாம் பழுப்பேறி நிறமற்றுப் போயின. 1980-இல் மார்ட்டின் ஸ்கோர்செசி சினிமா பிலிமின் நிறம் போவதைப் பற்றி கோடாக்குக்கு எதிராகக் கொடி பிடித்தது பலருக்குத் தெரியும். வீட்டு ஆல்பத்துக்காகக் கொடி பிடித்தவர்கள் என்று யாராவது உண்டென்றால் அது இந்த இருவர்தான்.

படித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டு பீரோவைக் குடைந்தேன். அப்பா அம்மா கல்யாணப் படம், 1974, கறுப்பு வெள்ளை. ஓரத்தில் மட்டும் லேசாக வெள்ளி மினுக்குகிறது. சாய்த்துப் பிடித்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும், நீங்களும் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். மற்றபடி அம்மாவின் ஒட்டியாணத்து வேலைப்பாடு கூட எண்ணலாம். அதற்குப் பதிமூன்று வருஷம் கழித்து, 1987-இல், நாங்கள் நாலு பேரும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கலர் படம். அம்மாவின் மயில்கழுத்துப் பட்டு செங்கல் நிறமாகிவிட்டது. பின்னால் தொங்கிய நீலத் திரை இப்போது ஏதோ சிவப்பு மூட்டம். சுவரில் மாட்டியது கூட இல்லை, ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்த படம்.

காரணம் எளிமையானது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளி என்கிற உலோகத்தால் ஆனது. ஹைப்போவை ஒழுங்காகக் கழுவியிருந்தால் அது தன் பாட்டுக்கு இருக்கும். கழுவாமல் விட்டால் கெடும், அந்த மினுக்கும் வெள்ளி மெல்ல நகர்ந்து மேலே வருவதுதான். கலர் படத்தில் டெவலப் ஆனபின் வெள்ளி முழுக்க வெளியேற்றப்பட்டு, சியான், மெஜென்டா, மஞ்சள் என்று மூன்று கரிமச் சாயங்கள் மட்டும் மிஞ்சும். மூன்றும் ஒரே வேகத்தில் மங்கினால் கூடப் பரவாயில்லை, படம் வெளுத்தது என்று விட்டுவிடலாம். அந்தக் காலத்துப் பேப்பர்களில் இருட்டிலும் முதலில் போனது சியான். சியான் போனால் மிச்சம் சிவப்பு. 1984 வாக்கில்தான் பேப்பர் கம்பெனிகள் சியான் சாயத்தைத் தேற்றின. அதே 1984-இல் கோனிகா தன் புதுப் பேப்பரை நூறாண்டு நிற்கும் பிரிண்ட் என்று விளம்பரம் செய்தது. ஆல்பத்தில், இருட்டில் வைத்தால் நூறு. சுவரில் மாட்டினால் கதை வேறு. வில்ஹெல்ம் இதைப் பிடி பிடியென்று பிடிக்கிறார். ஆக, கடைப் பையன் என்னிடம் சொன்ன நூறு வருஷத்துக்கு அவன் பிறப்பதற்கு முன்பே ஒரு பாட்டன் இருந்திருக்கிறது.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "பிலிம் காலத்துப் படம் கெட்டியா சார், இப்போ டிஜிட்டல் படம் கெட்டியா?" என்று என் அலுவலக நண்பர்கள் முதல் மாமா வரை எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. 1990-களின் கடைசியிலிருந்து நம் ஊர் லேப்களுக்கு வந்த டிஜிட்டல் மெஷின்கள் செய்வது, உங்கள் ஃபைலை லேசரால் வழக்கமான சில்வர் ஹாலைடு பேப்பரில் பதித்து, அதே கெமிக்கல் தொட்டியில் முக்கி எடுப்பது. கேமராவில் பிலிம் இருந்ததா, சென்சார் இருந்ததா என்று அந்தப் பேப்பருக்குத் தெரியாது. 1999-இல் நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்டும் 2006-இல் மெமரி கார்டிலிருந்து போட்ட பிரிண்டும் கிட்டத்தட்ட சகோதரர்கள். வித்தியாசம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும்: உருவம் வெள்ளியா, சாயமா, நிறமியா? இங்க்ஜெட்டிலேயே இரண்டு ஜாதி உண்டு. சாய மை தண்ணீரில் கரைந்திருக்கும், மூலக்கூறு மூலக்கூறாகப் பேப்பரில் இறங்கும். நிறமி மை என்பது பெயிண்ட் மாதிரி துகள். வெளிப்புறம் அடிபட்டாலும் உள்ளே இருப்பது கொஞ்ச காலம் தாங்கும். நல்ல பேப்பரில் நல்ல நிறமி மையால் போட்ட டிஜிட்டல் பிரிண்ட், 1987-இல் பிலிமிலிருந்து போட்ட கலர் பிரிண்டை விடப் பல மடங்கு உறுதி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிலிம் மோகிகள் கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, எண்ணுக்கு வருவோம். (கணக்கு பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.)

நூறு வருஷம் காத்திருந்து யாரும் சோதிக்க முடியாது. அதனால் பலத்த வெளிச்சத்தில் சில மாதம் வைத்து, ஓரளவு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நிறம் போகும்வரை பார்த்து, பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். வில்ஹெல்ம் எடுத்துக்கொண்ட 'சராசரிச் சுவர்' ஒரு நாளைக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் படுவது. 450 பெருக்கல் 12 பெருக்கல் 365: வருஷத்துக்கு 19,71,000 லக்ஸ்-மணி. 50,000 லக்ஸ் விளக்கின் கீழ் வைத்தால் நூறு வருஷ வெளிச்சத்தை ஐந்தரை மாதத்தில் ஊட்டிவிடலாம். இப்படி அவசரமாக ஊட்டுவதும் மெதுவாக ஊட்டுவதும் ஒரே விளைவைத் தருமா என்ற சந்தேகம் நியாயமானது. இதைப் புத்தகமே எழுப்புகிறது. ஒரே பேப்பரை 21,500 லக்ஸிலும் 1,350 லக்ஸிலும் வைத்து வருஷக்கணக்கில் ஒப்பிட்டிருக்கிறார்கள். மெதுவாக வாங்கிய பிரிண்டுகள் சில, மொத்த வெளிச்சம் சமமாக இருந்தும், அதிகமாகக் கெட்டிருந்தன. இந்த அத்தியாயம்தான் எனக்குப் புத்தகத்திலேயே பிடித்த பகுதி. தன் அளவுகோலையே தான் சந்தேகிப்பது எல்லோருக்கும் வராது.

ஆனால் கோடாக் பின்னாளில் வேறொரு சுவரை எடுத்துக்கொண்டது. வீடுகளில் போய் அளந்தோம், 120 லக்ஸ்தான் இருக்கிறது என்றார்கள். அதன்படி வருஷத்துக்கு 5,25,600 லக்ஸ்-மணி. இரண்டுக்கும் விகிதம் 3.75. வில்ஹெல்ம் கணக்கில் 40 வருஷம் நிற்கும் பிரிண்ட், பேப்பரையோ மையையோ தொடாமலே, கோடாக்கின் சுவருக்கு மாறினால் 150 வருஷம் நிற்கும். ஒரு வகுத்தலில் 110 வருஷ ஆயுள்! மிருத்யுஞ்ஜய ஹோமம் கூட இவ்வளவு தராது.

யார் சொன்னது சரி? என் போனில் ஒரு லக்ஸ் மீட்டர் செயலியைப் போட்டுக்கொண்டு கும்பகோணம் வீட்டில் ஒரு நாள் முழுக்க அளந்தேன். போன் சென்சார் துல்லியமில்லை, பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே இருக்கும். அப்பா படம் இருக்கிற சுவரில் காலை ஒன்பது மணிக்கு 1,100 லக்ஸ், நண்பகலில் 400, சாயங்காலம் 250. எதிரே ஜன்னல், கிழக்குப் பார்த்தது. சட்டத்தின் மேல் மாட்டிய குட்டி எல்.இ.டி. பல்பு இரவு பகலாக எரிகிறது, அதன் அடியில் 90. எல்லாம் கூட்டினால் நாளைக்குச் சுமார் 6,500 லக்ஸ்-மணி, வருஷத்துக்கு 23 லட்சத்துக்கும் மேல். வில்ஹெல்மின் சுவரையும் தாண்டிவிட்டது. பதினைந்தடி தள்ளி உள்கட்டுச் சுவரில் பகல் முழுக்க 40 லக்ஸைத் தாண்டவில்லை. அங்கே வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, பதினாறு மடங்கு வித்தியாசம். இதில் 'சராசரி வீடு' என்று எதைச் சொல்வது?

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு அண்ணன் உண்டு. ஹார்ட் டிஸ்க் பெட்டியில் 'பழுதுக்கிடையே சராசரி நேரம் 10 லட்சம் மணி' என்று போட்டிருப்பார்கள். வகுத்துப் பார்த்தால் 114 வருஷம். எந்த டிஸ்க்கும் 114 வருஷம் ஓடாது, அதைப் போட்டவர்களுக்கும் தெரியும். அது ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளில் பழுது எந்த விகிதத்தில் வரும் என்கிற புள்ளியியல் எண். அதை ஒரு டிஸ்க்கின் ஆயுளாகப் படிப்பது வாங்குபவனின் தப்பு, அப்படிப் படிப்பான் என்று தெரிந்தே போடுவது விற்பவனின் தப்பு. புகைப்பட ஆயுளும் இதே மாதிரி ஒரு எண். வில்ஹெல்மின் மீது என் முதல் குறை இங்கேதான். 744 பக்கம் முழுக்க 'நிபந்தனைகளைப் பார், நிபந்தனைகளைப் பார்' என்று சொல்லிக் கொடுத்தவர், பின்னாளில் தன் ஆய்வகத்திலிருந்து பிரிண்டர் வாரியாக அட்டவணை வெளியிட்டபோது, வருஷம் என்ற அலகை விடவில்லை. அட்டவணையில் கண்ணாடிக்குள் இத்தனை, புற ஊதா வடிகட்டியோடு இத்தனை, வெறுமனே மாட்டினால் இத்தனை, இருட்டில் இத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கிறது, நேர்மையான வேலைதான். பெட்டிக்குப் போகும்போது என்ன ஆகும்? இருப்பதிலேயே பெரிய எண் மட்டும் ஏறிக்கொள்ளும்.

2000-ஆம் ஆண்டு நடந்தது இதற்கு ஒரு பாடம் மாதிரி. எப்சன் கம்பெனி ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 என்று இரண்டு பிரிண்டர்களை விட்டது. பிரிண்டுகள் பல வருஷம் நிற்கும் என்று சோதனை முடிவுகளோடு விளம்பரம். வாங்கியவர்களில் சிலருக்கு, குறிப்பிட்ட கிளாஸி பேப்பரில் போட்ட படங்கள் சில வாரங்களில், சிலருக்குச் சில நாட்களிலேயே, ஆரஞ்சு நிறமாயின. பக்கத்து ஊர்க்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை! முதலில் கம்பெனிக்கும் புரியவில்லை. கடைசியில் குற்றவாளி காற்றில் இருக்கும் ஓசோன். அந்தப் பேப்பரின் மேற்பூச்சு நுண்துளைகள் நிறைந்தது, மை உடனே காய வேண்டும் என்பதற்காக. அந்தத் துளைகள் வழியே காற்று உள்ளே போய் சியான் சாயத்தைத் தின்றுவிட்டது. சோதனை அளந்தது வெளிச்சத்தை. கொன்றது காற்று. மென்பொருளில் இருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழகிய காட்சி: எல்லா டெஸ்ட்டும் பாஸ், புரொடக்‌ஷனில் போட்ட மறுநாள் படுத்துவிட்டது, ஏனென்றால் படுக்க வைத்த விஷயத்துக்கு டெஸ்ட்டே எழுதவில்லை. அதற்குப் பிறகு வில்ஹெல்ம் ஆய்வகம் ஓசோன், ஈரப்பதம் ஆகியவற்றுக்கும் கட்டங்கள் சேர்த்தது. சேர்த்ததைப் பாராட்டுகிறேன். ஆனால் அடுத்து எது வந்து கொல்லும் என்பதற்குக் கட்டம் கிடையாது.

என் அப்பா படத்துக்கு வந்தது இன்னும் சாதாரணமான வியாதி. கடைக்குத் திரும்பப் போனேன். சண்டை போட அல்ல, தெரிந்துகொள்ள. (கொஞ்சம் சண்டைக்கும்தான்.) மை பெட்டியில் போட்டிருந்த எண் உண்மையிலேயே இருந்தது. பெட்டி காலி. பிரிண்டரின் பக்கவாட்டில் நாலு ஒரு லிட்டர் பாட்டில்களில் மை தொங்கிக்கொண்டிருந்தது, டியூப் வழியே உள்ளே போகிறது. "ஒரிஜினல் மை கட்டுப்படி ஆகாது சார். இதுவும் அதே மைதான்" என்றான் பையன். அதே மை இல்லை. அந்த ஆயுள் எண் ஒரு குறிப்பிட்ட மை, ஒரு குறிப்பிட்ட பேப்பர் இரண்டும் சேர்ந்த ஜோடிக்கு மட்டுமே பொருந்தும். மையை மாற்றினாலோ பேப்பரை மாற்றினாலோ எண் செல்லாது. நாம் அதிகம் பார்க்கும் மலிவுச் சாய மைகளில் வெளிச்சத்துக்கு முதலில் சாய்வது பெரும்பாலும் மெஜென்டா. மெஜென்டா போனால் மாநிறமான முகத்தில் மிஞ்சுவது மஞ்சளும் கொஞ்சம் பச்சையும். அம்மாவின் நோய்க்கணிப்பு மிகச் சரி.

வில்ஹெல்ம் அட்டவணையில் 'இருட்டில் வைத்தால்' என்று இருக்கும் கட்டத்தை நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அது 23 டிகிரி வெப்பத்துக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் கணக்கிடப்பட்ட எண். சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28, 29 டிகிரியைத் தொடும், ஈரப்பதம் 70-ஐ ஒட்டி. இருட்டில் சாயம் சிதைவது வெப்பத்தால் நடக்கும் வேதிவினை. சுவீடன் விஞ்ஞானி அரீனியஸ் 1889-இல் சொன்ன சமன்பாட்டை வைத்துத்தான் அடுப்புச் சூட்டில் சோதித்து அறை வெப்பத்துக்கு இறக்குகிறார்கள். துறையில் பழகிய தோராயக் கணக்கு, 5 முதல் 6 டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பாகும் என்பது. அப்படியானால் கிரின்னலில் நூறு, சென்னையில் ஐம்பது. மே மாதத்து மொட்டை மாடி அறையில் பரணில் இருக்கும் பெட்டிக்கு இன்னும் குறைவு. ஈரத்தால் வரும் பூஞ்சையும், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வருவதும் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இந்த இடத்தில் வில்ஹெல்ம் சொன்னதை விட அவர் செய்ததைப் பார்ப்பது நல்லது. பில் கேட்ஸின் கோர்பிஸ் நிறுவனம் பெட்மன் சேகரிப்பை வாங்கியது. இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற செய்திப் படங்கள் பலவும் உட்பட கிட்டத்தட்ட 1.1 கோடிப் படங்கள். அவை கெட்டுக்கொண்டிருந்தன, காப்பாற்ற ஆலோசனை கேட்டபோது வில்ஹெல்ம் கை காட்டியது குளிரை. 2001-02 வாக்கில் நியூயார்க்கிலிருந்து எல்லாவற்றையும் அள்ளி, பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள், தரைக்கு 200 அடிக்கும் கீழே, மைனஸ் 20 டிகிரியில் வைத்தார்கள். எந்தப் பேப்பர், எந்தச் சாயம் என்ற விசாரணையே அங்கே இல்லை. எல்லாவற்றையும் உறையவை, பிறகு பேசலாம். புத்தகத்தின் கடைசிப் பகுதியிலும் சாதாரண ஆட்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பிலிம் வைப்பதைப் பற்றி விரிவாக இருக்கிறது. எங்கள் வீட்டில் சொன்னால், "மாவு வைக்கவே இடமில்ல" என்று பதில் வரும்.

வருஷக்கணக்கை விட்டால் வேறென்ன வழி? வில்ஹெல்மோடு வேலை பார்த்துப் பிறகு தனியாகப் போன மார்க் மெக்கார்மிக்-குட்ஹார்ட், ஆர்டன்பர்க் இமேஜிங் என்ற தன் சோதனைத் திட்டத்தில் எண்ணை வருஷமாகவே சொல்லவில்லை. இத்தனை மெகாலக்ஸ்-மணி தாங்கும் என்று வெளிச்சத்தின் மொத்த அளவாகச் சொன்னார். ஒரு மெகாலக்ஸ்-மணி என்றால் பத்து லட்சம் லக்ஸ்-மணி. உன் சுவரை நீ அளந்து நீயே வகுத்துக்கொள். முக நிறங்கள் உள்ளிட்ட பல வண்ணக் கட்டங்களை வைத்து, எந்த நிறம் எப்போது நகர்கிறது என்று பார்க்கிறார். கறார், கஞ்சத்தனமான நேர்மை. விற்பனைக்கு உதவாது என்பது பார்த்தவுடனே தெரிகிறது, பெட்டியில் '60 மெகாலக்ஸ்-மணி' என்று போட்டால் யார் வாங்குவார்? ஆனால் என் 23 லட்சத்தையும் உள்கட்டின் ஒன்றரை லட்சத்தையும் நேரே போட்டுப் பார்க்க முடிந்தது இந்த முறையில்தான். வில்ஹெல்ம் 1993-லேயே இதைச் செய்திருக்கலாம். அவர் கையில் எல்லா எண்ணும் இருந்தது. மக்களுக்குப் புரிய வேண்டும் என்று வருஷமாக மாற்றினார் என்று நினைக்கிறேன். புரிந்தது, தப்பாக.

புத்தகத்தின் மீது இன்னொரு குறை, அது எழுதப்பட்ட காலத்தின் குறை என்றும் சொல்லலாம். பிரிண்டை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். பிரிண்ட் போனால் மறுபடி போட மூலம் இருக்கிறதா என்பது மிச்சப் பாதி. பிலிமுக்கு இங்கே ஒரு நிஜமான மேன்மை உண்டு, அதை மறைக்க மாட்டேன். நெகட்டிவ் என்பது யாரும் எதுவும் செய்யாமல் ஒரு டப்பாவில் கிடந்தாலே பிழைக்கும் மூலம். கலர் நெகட்டிவிலும் சாயம் மங்கும், அசிட்டேட் பிலிம் நம் ஊர்ச் சூட்டில் காடி வாசனை அடிக்க ஆரம்பித்துச் சுருங்கும். அப்படியும் முப்பது வருஷம் மறந்துபோன நெகட்டிவிலிருந்து முகம் தெரிகிற பிரிண்ட் கிடைக்கும். முப்பது வருஷம் மறந்துபோன ஃபைல் கிடைக்காது.

எங்களுக்கு முப்பது கூடத் தேவைப்படவில்லை. 2006-இல் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஸ்டூடியோக்காரர் ஆல்பத்தோடு ஒரு சி.டி.யும் கொடுத்தார், "எல்லாம் இதுல இருக்கு, பத்திரமா வைங்க." பத்திரமாகத்தான் வைத்தோம், பட்டுப்புடவைகளுக்கு நடுவே. 2023-இல் மூன்று டிரைவ்களில் போட்டுப் பார்த்தேன், ஒன்றிலும் படிக்கவில்லை. வீட்டில் எழுதும் சி.டி.யில் தகவல் பதிவாவதும் ஒரு சாய அடுக்கில்தான். 1987 படத்தைச் சிவப்பாக்கிய அதே குடும்பத்து வியாதி, வேறு வேஷத்தில். கடைசியில் ஆல்பத்திலிருந்த ஆறுக்கு நாலு பிரிண்டை ஸ்கேன் செய்துதான் சுவர்ப் படம் போட்டோம். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் மகன் 2006-இலேயே ஒரு நகல் எடுத்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். அம்மா கேட்டுவிட்டாள்.

கல்யாணப் படம் எடுத்த பழைய ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். இப்போது செல்போன் கடை. பெரியவர் பின்கட்டில் இருந்தார். "நெகட்டிவா? நம்பர் போட்டு வரிசையா வச்சிருந்தேன் தம்பி. தொண்ணூறுகள்ல ஒருத்தன் கிலோ கணக்குல எடுத்துக்கிட்டான், வெள்ளிக்கு. கண்ணாடி பிளேட்டெல்லாம் கழுவி ஃபிரேம் போட்டாச்சு." கெடாத வெள்ளிக்கே அந்தக் கதி, கெடாததாக இருந்ததே விலையாகவும் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிப் பிடித்து நகலெடுத்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே பல ஊர்களில் எடைபோட்டவன் வந்துவிட்டுப் போயிருந்தான்.

இப்போது அப்பா படத்துக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். சென்னையில் ஒரிஜினல் நிறமி மையில், பளபளப்பில்லாத பருத்திப் பேப்பரில், வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்க்காத வகை, இரண்டு பிரிண்ட் போட்டேன். பணம் முன்னதை விட ஆறு மடங்கு. ஒன்று சட்டத்தில், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு. மற்றது அமிலமில்லாத உறையில் பீரோவுக்குள். ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டின் பின்னாலும் மை, பேப்பர், தேதி எல்லாம் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஃபைல் மூன்று இடத்தில் இருக்கிறது, அதில் ஒன்று தங்கை வீட்டில்.

படத்தை உள்கட்டுச் சுவருக்கு மாற்றலாம், பதினாறு மடங்கு லாபம் என்று அம்மாவிடம் விளக்கினேன். லக்ஸ் கணக்கெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாசல்ல நுழையறவா கண்ணுல முதல்ல அவர்தான் படணும்" என்றாள். சட்டம் பழைய சுவரிலேயே ஏறியது. பல்பை மட்டும் ராத்திரிக்கு என்று குறைத்துக்கொள்ளச் சம்மதித்தாள். ஜன்னலுக்கு ஒரு திரை.

என் சமாதானத்துக்கு, அதே மையில் போட்ட ஒரு வண்ணப் பட்டையில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, சட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். வருஷம் ஒரு தடவை தாளைப் பிரித்து இரண்டு பாதியையும் ஒப்பிடலாம் என்று எண்ணம். போன மாதம் போனபோது காணோம். "அதுவா? ஏதோ மாத்திரை அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கறச்சே கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றாள். இந்தத் தடவை புதுப் பட்டையைப் பஞ்சாங்கக் காலண்டருக்குப் பின்னால் பாதி நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒட்டியிருக்கிறேன்.